தின்னர் குடோனில் யாரும் இல்லை

எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடைக்காரரே அதில் பெயர் வெட்டிக் கொடுத்துவிடுவார். மாரண்டஹள்ளிக் கடைத்தெருவில் அந்த மிஷின் கிர்ரென்று ஓடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். மாதா கோயில் திருவிழாச் சாப்பாட்டில் எத்தனை வீட்டுக் குண்டாவும் சொம்பும் கலந்து கிடந்தாலும், கழுவிக் கவிழ்த்த பிறகு எங்களுடையது எங்கள் வீட்டுக்கே வந்து சேரும். பெயர் எழுதுவது இதற்குத்தான். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐயா, விசாரணைக்காக என்னை இரண்டு தடவை கூப்பிட்டீர்கள். மரியாதையாக உட்காரவைத்து, டீ வரவழைத்துக் கொடுத்துப் பேசினீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். சில விஷயங்களை நீங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கவும் வழியில்லை. அவற்றை இதில் எழுதுகிறேன். யாரும் மிரட்டி எழுதச் சொல்லவில்லை. குடிக்கிற பழக்கமும் எனக்குக் கிடையாது.

என் பெயர் அருள்சாமி. ஓசூரில் பெயிண்ட் தயாரிக்கும் எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் நான் ஒருவன்தான். மிஷினை விற்ற பெங்களூர்க்காரர்கள் அதை இறக்கிவைத்து, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போனதோடு சரி. அதற்குப் பிறகு போன் செய்தால் எடுக்கவே மாட்டார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன தடித்தடி புத்தகங்களை மாரண்டஹள்ளி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, போகும்போதும் வரும்போதும் படித்துத்தான் நான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. ஒரு பக்கத்தை நாலு நாள் படித்ததும் உண்டு.

எங்கள் கம்ப்யூட்டரை நடத்துகிற அடிப்படைப் புரோகிராமுக்கு யுனிக்ஸ் என்று பெயர். அதற்குள் நுழையும் உரிமை உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி உண்டு. ஒரு வரியில் ஏழு கட்டங்கள் இருக்கும். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் ஒரு முக்காற்புள்ளி. மிஷின் கூப்பிடும் சுருக்கப் பெயர், யாருக்கும் புரியாதபடி உருமாற்றிய பாஸ்வேர்டு, ஒரு எண், எந்தக் குழு, முழுப்பெயர், அவருக்கு ஒதுக்கிய இடம். ஏழாவது கட்டம்தான் கடைசி. பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தால் அடுத்து எந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும்.

இந்த மாதிரி வரிகளைப் படிப்பதற்கு ‘ஆக்’ என்று ஒரு குட்டி மொழி இருக்கிறது. முக்காற்புள்ளி வருகிற இடத்திலெல்லாம் வெட்டு, ஐந்தாவது துண்டை எடுத்துக் கொடு என்று அதனிடம் ஒரே வரியில் சொன்னால் போதும். மேலிருந்து கீழே வரை படித்துக்கொண்டே போகும். களைக்காது, முகத்தைச் சுளிக்காது, எதிர்த்துப் பேசாது. முதல் தடவை நான் எழுதிய வரியை அது படித்து, எங்கள் கம்பெனி ஆட்களின் முழுப்பெயர்களை வரிசையாகத் திரையில் கொட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

போபாலில் விஷவாயு கசிந்து அத்தனை பேர் செத்த பிறகு எல்லாக் கம்பெனிகளிலும் பாதுகாப்பு, பாதுகாப்பு என்று ஒரே பேச்சு. எங்களிடம் பெரிய ஆபத்து என்றால் தின்னர் குடோன்தான். பெயிண்டை இளக்கக் கலக்கும் தின்னர் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும்; அதை டிரம் டிரம்மாக அடுக்கிய நீளக் கட்டடம், ஒரே வாசல். அங்கே தீப்பிடித்தால் தண்ணீர் அடித்து அணைக்க முடியாது. அதற்காகக் கரியமில வாயு சிலிண்டர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். வெளியே ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் ஷட்டர் இறங்கும், வாயு உள்ளே நிரம்பும், காற்றில்லாமல் நெருப்பு செத்துப்போகும். மனிதன் உள்ளே இருந்தால் அவனும் அப்படித்தான். ஆகவே உள்ளே யாரும் இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் அந்தக் கைப்பிடியைத் தொடக் கூடாது என்று மேனேஜர் மாதப்பன் உத்தரவு போட்டார். உறுதியாகத் தெரிவது எப்படி என்று அவர் கேட்டபோது நான்தான் கையைத் தூக்கினேன்.

குடோன் வாசலுக்கு வெளியே கண்ணாடிக் கூண்டு ஒன்று உண்டு. அதில் என் மிஷினோடு இணைத்த ஒரு டெர்மினலை, திரையும் கீபோர்டுமாக, வைத்தோம். குடோன் ஆட்கள் ஐந்து பேருக்கும் வரி போட்டு, ஏழாவது கட்டத்தில் நான் எழுதிய சின்னப் புரோகிராமை வைத்தேன். உள்ளே போகும் முன் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் ‘உள்ளே’ என்று குறித்துக்கொள்ளும். வரும்போது கொடுத்தால் ‘வெளியே’ என்று மாற்றிக்கொள்ளும். இன்னொரு புரோகிராம், நான் சொன்ன அந்த ‘ஆக்’ மொழியில் எழுதியது, ஆட்களின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து யார் உள்ளே, யார் வெளியே என்று முழுப்பெயரோடு காட்டும். அவ்வளவுதான். ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். ஐந்து பேரும் ஒழுங்காகத் தங்கள் தங்கள் பெயரைப் போட்டால் போதும்.

அந்த ஐந்து பேரில் ஒருவன்தான் தீர்த்தன்.

வத்தல்மலைக்காரன். கருப்பி என்று ஒரு மனைவி, மலையிலேயே கொஞ்சம் நிலம். மழை பொய்த்த வருடம் கீழே இறங்கி வந்தவன், எங்கள் கம்பெனியிலேயே தங்கிவிட்டான். நல்ல உழைப்பாளி. அவன் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவன் ஒரு காரியம் செய்தான். காலையில் கூண்டுக்குள் போய் நின்று, ஐந்து பேர் பெயரையும் அவனே வரிசையாகப் போட்டுவிடுவான். சாயந்தரம் அதேபோல ஐந்து பேரையும் வெளியே எடுத்துவிடுவான். நடுவில் யார் போகிறார்கள், வருகிறார்கள் என்பதெல்லாம் கணக்கே இல்லை. எல்லாருக்கும் அது வசதியாக இருந்தது. தின்னர்க் கையோடு யாரும் டெர்மினலைத் தொட வேண்டியதில்லை அல்லவா.

கூப்பிட்டுக் கேட்டேன். அவன் கொஞ்சமும் மறைக்கவில்லை.

“மலையில ஒருத்தன் சந்தைக்கு எறங்குனா ஊருக்கே உப்பு வாங்கியாருவானுங்க சார். அவனவன் உப்புக்கு அவனவன் எறங்குனா காடு என்னத்துக்காவும்? அதாட்டந்தானுங்க இதுவும்.”

உப்பு வேறு, இது வேறு என்று விளக்கினேன். தீப்பிடித்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மறுநாள் காலையிலும் ஐந்து பேர் பெயரையும் அவனே போட்டான். பாஸ்வேர்டைத் தனித்தனியாக மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள்; ஐந்து பேரும் ஒன்றுகூடிப் பேசி ‘தீர்த்தமலை’ என்று ஒரே பாஸ்வேர்டை வைத்துக்கொண்டார்கள். ஏனப்பா என்றால், அப்போதுதான் யாருக்கும் மறக்காது என்கிறார்கள். தலையைக் கொண்டுபோய் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

மேனேஜரிடம் போனேன். ஒரு மெமோ கொடுங்கள், ஒரே ஒரு மெமோ, ஒழுங்காகிவிடுவார்கள் என்று கெஞ்சினேன். அவர் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல், தின்னர் நேரத்துக்கு வந்தால் போதும், அவன் எவன் பெயரில் போனால் உனக்கென்ன என்றார். உத்தரவு போட்டவரே அவர்தான். அந்த உத்தரவுக்காக ஒரு கோடைக்காலம் முழுக்கப் பஸ்ஸில் படித்தவன் நான். எனக்கு வந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. வீட்டில் கொட்டினேன். என் மனைவி ராஜமேரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், “அந்தத் தீர்த்தன் பேச்சு இல்லாம உங்களுக்கு ஒருவாய் சோறு எறங்காதா?” என்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகுதான் மெட்ராஸிலிருந்து அந்த அதிகாரிகள் வந்தார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்வையிட வந்தவர்கள். மேனேஜர் அவர்களை என் அறைக்கே அழைத்து வந்தார். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். யாருடைய உதவியும் இல்லாமல் இவனே எழுதியது என்று அவர் சொன்னபோது, என்ன இருந்தாலும் மனுஷன் நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன். புரோகிராமை ஓட்டினேன். தின்னர் குடோனுக்குள் ஐந்து பேர் என்று பெயரோடு காட்டியது. அதிகாரிகளில் ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். என் ஜன்னலிலிருந்து குடோன் வாசல் நன்றாகத் தெரியும். வாசலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஐந்து பேரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“உன் கம்ப்யூட்டருக்குப் பேயெல்லாம் தெரியுதாட்டம் இருக்குதே, அருள்சாமி” என்றார் மேனேஜர்.

அறையே சிரித்தது. அதிகாரிகள் சிரித்தார்கள், மேனேஜர் சிரித்தார், டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். சத்தம் கேட்டு மரத்தடியிலிருந்து தீர்த்தன் நிமிர்ந்து பார்த்தான். என்ன ஏது என்று தெரியாமலேயே, பெரியவர்கள் சிரிக்கிறார்களே என்று மரியாதைக்கு அவனும் சிரித்தான். என் மானம் கப்பலேறியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனிதர்களைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். ஆனால் அந்தத் திரையைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள், பாருங்கள், அது எனக்குத் தாங்கவில்லை. தன்னிடம் சொன்னதைத்தான் அது சொன்னது. பொய் சொன்னவன் மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து கேண்டீனில் நான் தட்டோடு உட்கார்ந்தால், இன்றைக்கு உள்ளே எத்தனை பேய் என்று யாராவது கேட்பார்கள். ஓரிரு வாரத்தில் ஓய்ந்துவிடும் என்று பார்த்தேன். ஓயவில்லை. பஸ் கண்டக்டர் வரைக்கும் போய்விட்டது.

விஷயம் தீர்த்தன் காதுக்கும் போயிருக்கிறது. ஊருக்குப் போய்வந்தவன் ஒரு பை சாமை கொண்டுவந்து என் மேஜையோரம் வைத்துவிட்டு, தன்னால் எனக்குக் கெட்ட பேச்சு வந்துவிட்டதாம், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று கும்பிட்டான். வாங்கிக்கொண்டேன். ராஜமேரி அதில் பொங்கினாள். சாமைச் சோறு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையிலும் அவன் ஐந்து பேர் பெயரையும் போட்டான்.

யுனிக்ஸில் ‘ஃபால்ஸ்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. பொய் என்று அர்த்தம். அது எதையும் செய்யாது. முடியாது என்று தெரிவித்துவிட்டு உடனே முடிந்துபோகும். ஒரு ஆளின் ஏழாவது கட்டத்தில் அதை எழுதிவைத்தால் என்ன நடக்கும் என்றால், அவர் பெயரைக் கொடுப்பார், பாஸ்வேர்டைக் கொடுப்பார், இரண்டும் சரியாக இருக்கும், மிஷின் உள்ளே விடும், அதே மூச்சில் வெளியே தள்ளிவிடும். திரையில் மறுபடி பெயர் கேட்கும். காரணம் எதுவும் சொல்லாது. தீர்த்தனுடைய வரியில் அதை நான் எழுதினேன். தன் பெயர் வேலை செய்யவில்லை என்றால் என்னிடம்தானே வர வேண்டும்? வரட்டும், நிற்கட்டும், கேட்கட்டும். அப்போது நிதானமாகப் புரியவைக்கலாம் என்பதுதான் என் எண்ணம். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை, குடோனுக்குப் போகும் வழியில் அவனே என் அறை வாசலில் வந்து நின்றான். குளித்து, திருநீறு பூசியிருந்தான்.

“இனிமே எம் பேர மட்டுந்தானுங்க சார் போடுவன். அவங்கவங்க பேர அவங்கவங்க போட்டுக்குவாங்க. ராத்திரி எல்லாருத்துக்கிட்டயும் சொல்லிப்புட்டனுங்க.”

சரி என்றேன். அப்போதே அந்தக் கட்டத்தை மாற்றி எழுதியிருக்கலாம். ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆனால் அவன் எத்தனை தடவை எனக்குத் தலையாட்டியிருக்கிறான் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானா என்று பார்ப்போமே என்று விட்டுவிட்டேன்.

மற்ற நான்கு பேரும் பின்பக்க கேட்டில் லாரிக்குச் சரக்கு ஏற்றப் போயிருந்தார்கள். தீர்த்தன் கூண்டுக்குள் தனியாக நின்று பெயரைத் தட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மிஷின் வெளியே தள்ளியது. மறுபடி தட்டினான். மறுபடியும் தள்ளியது. மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு, திரும்பி என் ஜன்னலைப் பார்த்தான். கையை உயர்த்தி, என்னவென்று தெரியவில்லையே என்பதுபோல விரித்துக் காட்டினான். நான் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு குனிந்து ஏதோ எழுதுவதுபோல இருந்தேன். வேறு யார் பெயரையாவது போட்டுவிட்டு அவன் போயிருக்கலாம், பாஸ்வேர்டு ஒன்றுதானே. அவன் போடவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான். அதற்காக நான் அவனை மதிக்கிறேன்.

தின்னர் எங்கே என்று பெயிண்ட் கலக்கும் மிக்ஸிங் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள். தீர்த்தன் இன்னொரு தடவை என் ஜன்னலைப் பார்த்துவிட்டு, டெர்மினலை அப்படியே விட்டு, குடோனுக்குள் போனான். போனதை நான் பார்த்தேன். இந்த வரியை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

தீயை நான் வைக்கவில்லை. அது எப்படி வந்தது என்று நீங்களே கண்டுபிடித்து எழுதிவிட்டீர்கள். வாசலோரம் இருந்த டிரம்முக்கு எர்த் கம்பி மாட்டவில்லை, மின்பொறி பறந்து பற்றிக்கொண்டது. நான் நிமிர்ந்தபோது வாசலில் புகை கறுப்பாகச் சுருண்டுகொண்டிருந்தது. மணி அடித்தது. எல்லாரும் மைதானத்துக்கு ஓடினார்கள். பாதுகாப்புப் பிரிவின் சென்னப்பன், நல்லம்பள்ளிக்காரர், தங்கமான மனுஷன், கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த இன்டர்காமிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“உள்ள யாராச்சும் இருக்காங்களா, பாத்துச் சொல்லுங்க.”

இருங்கள், பார்க்கிறேன் என்றேன். புரோகிராமை ஓட்டினேன். அது மேலிருந்து கீழே வரை படித்தது. ஐந்து பெயர்களுக்கு எதிரிலும் ‘வெளியே’ என்றிருந்தது.

இந்த இடத்தில்தான் ஐயா நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டும். நீங்கள், லிஸ்டில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டீர்கள். எனக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. தீர்த்தன் உள்ளே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் பின்கோடியில், டிரம் வரிசைகளுக்கு அந்தப் பக்கம் இருப்பான், முன்னால் தீ இருப்பதால் தானாக வெளியே வர முடியாது என்றும் தெரியும். உள்ளே ஆள் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால், சென்னப்பன் கைப்பிடியைத் தொட மாட்டார், வாசலில் நுரையடித்து வழி செய்து, நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு ஆட்கள் உள்ளே போவார்கள் என்பதும் தெரியும். அப்படி ஒத்திகை பார்த்திருக்கிறோம். அதற்கு நேரம் இருந்தது என்று உங்கள் அறிக்கையிலேயே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியது சரி.

பதற்றத்தில் நாக்குக் குழறிவிட்டது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. நான் அமைதியாகத்தான் இருந்தேன். திரையைப் பார்த்தேன். அதில் யாரும் இல்லை. இருக்கிறான் என்று நான் சொன்னால் என்னவாகும்? கம்ப்யூட்டர் இல்லை என்றது, ஆள் இருந்தான் என்று ஆகும். முதலில் இல்லாத ஐந்து பேரைக் காட்டியது, இப்போது இருக்கிற ஒருவனைக் காட்டவில்லை. மேனேஜர் முகம் எனக்குத் தெரிந்தது. கேண்டீன் தெரிந்தது. பஸ் தெரிந்தது.

யாரும் இல்லை என்றேன்.

சென்னப்பன் உடனே நம்பிவிடவில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதற்காக இதையும் எழுதுகிறேன். அவர் திரும்பவும் கேட்டார்.

“நல்லாப் பாருங்க சார். தீர்த்தன மைதானத்துல காணமுங்க.”

“லிஸ்ட்ல இல்லைன்னா உள்ள இல்ல, சென்னப்பன். இழுங்க” என்றேன்.

அவர் இழுத்தார். ஷட்டர் இறங்கும் சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. தீ சீக்கிரமே அடங்கிவிட்டது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்.

மைதானத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். ஷட்டரை உடனே திறக்கக் கூடாது, வாயு வெளியேற வேண்டும். அந்த இடைவெளியில் நான் ஒரு வேலை செய்தேன். வேலையை விட்டுப் போகிறவர்களின் வரியை அன்றைக்கே எடுத்துவிடுவது என் வழக்கம். இல்லாத ஆளுக்கு வரி இருக்கக் கூடாது. ஆட்களின் வரிகளைத் திறந்து, தீர்த்தனுடையதை எடுத்துவிட்டேன். ஏழு கட்டமும் ஒரே தட்டில் போய்விட்டது. புரோகிராமை மறுபடி ஓட்டினேன். நான்கு பெயர், நான்கும் வெளியே. ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்தேன். நான்கு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். அதை எழுதிய நாளிலிருந்து திரையில் இருப்பதும் வெளியே இருப்பதும் அச்சாக ஒத்துப்போனது அன்றைக்குத்தான். எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஷட்டரைத் திறந்து அவனைத் தூக்கி வந்தது அதற்கு அப்புறம்தான்.

கருப்பி மலையிலிருந்து இறங்கி வந்தாள். கேட்டில் யாரோ என்னைக் காட்டிவிட்டிருக்கிறார்கள். என் அறை வாசலில் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், மறுத்துவிட்டாள். அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவரு உள்ள போனத ஒருத்தருங்கூடவா பாக்கலீங்க?”

யாரும் பார்க்கவில்லை அம்மா என்றேன். சிறிது நேரம் என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு அதிகாரபூர்வமாக எதையும் சொல்லும் பொறுப்பில் நான் இல்லை. ஆகவே அதை ஒரு பொய் என்று நான் கருதவில்லை.

போன வாரம் உங்கள் அறிக்கை வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அவரே படித்துக் காட்டினார். யார் மேலும் தவறில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னப்பன் முறைப்படி கேட்டார். நான் முறைப்படி பார்த்துச் சொன்னேன். கம்ப்யூட்டர் புரோகிராமில் இருந்த பிழையால் இறந்தவரின் வரி தானாக அழிந்து, அவர் பெயர் காட்டப்படாமல் போய்விட்டது என்று முடித்திருக்கிறீர்கள். மேனேஜர் என் தோளைத் தட்டி, இனிமேல் அந்தச் சனியனை ஓட்ட வேண்டாம், வாசலில் வழக்கம்போல ஒருத்தர் நின்று எழுதிக்கொள்ளட்டும் என்றார். இப்போது கேண்டீனில் என்னை யாரும் கேலி செய்வதில்லை. பாவம், மிஷின் இவரை ஏமாற்றிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள்.

எந்த வரியும் தானாக அழியாது ஐயா. தீர்த்தனின் பெயரை வேலை செய்யவிடாமல் செய்தது நான். அவன் உள்ளே போனதைப் பார்த்தேன். தெரிந்தே இல்லை என்றேன், இழுக்கச் சொன்னேன், அவன் செத்துப்போவான் என்று தெரிந்துதான் சொன்னேன். வரியை எடுத்ததும் என் கைதான். இதற்கு என்ன தண்டனை உண்டோ அதைக் கொடுங்கள், நான் மேல்முறையீடு செய்யப்போவதில்லை. உங்கள் அறிக்கையில் அந்தப் புரோகிராமைப் பற்றி இருக்கிற ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்துவிடுங்கள். ஒரு தப்பும் செய்யாத ஒன்றின் மேல் இப்படி அநியாயமாகப் பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.